மல்பெரிக் குச்சியில் வந்த கிறிஸ்துமஸ்

சிக்கனம் முடிந்து கஞ்சத்தனம் தொடங்குகிற இடம் எது? மூன்று வருடமாக யோசிக்கிறேன். இன்னும் தெரியவில்லை.

அந்த வருடம்தான் மாமியார் முதல்முறையாக எங்கள் பாலக்கோட்டு வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் கொண்டாட வந்தார். மகள் ஜெனிக்கு நான்கு வயது. பிளாஸ்டிக் மரமும் ஜிகினாவும் இல்லாமலே பண்டிகை அழகாக இருக்கும் என்று அவளுக்கும், நான் கருமி இல்லை என்று அத்தைக்கும் ஒரே நாளில் நிரூபிக்க ஆசைப்பட்டேன். (ஒன்றை மட்டும் முயன்றிருக்கலாம்.)

பக்கத்துத் தோட்டத்தில் பட்டுப்புழு வளர்க்கும் முனியம்மாக்கா, சந்தையில் விலைபோகாத பட்டுக்கூடுகளை ஒரு கூடை நிறையத் தந்தார்.

"நாலு நாளு நல்ல வெயில்ல காய வெச்சிக்க கண்ணு."

வெயிலில் வெண்மை மங்கிவிடுமோ என்று பயந்து நிழலிலேயே வைத்தேன். (நான் விலங்கியல் பட்டதாரி. பட்டுப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியவள்.) காய்ந்த மல்பெரிக் கிளையை மண்தொட்டியில் நட்டு, கூடுகளை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். உச்சியில் ஓலை நட்சத்திரம். பனி பெய்து, பாதியில் அப்படியே நின்றுவிட்டதுபோல் இருந்தது.

அத்தை வந்ததும் மேலும் கீழும் பார்த்தார். "ஊரே லைட்டு போட்டு மின்னுது. நம்ம வூட்ல மட்டும் ஏம்மா காஞ்ச குச்சி?"

"இயற்கைங்க அத்தை."

"இயற்கைதான். அடுப்புக்கு ஆவும்."

கிறிஸ்துமஸ் விடியலில் ஆராதனை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். ஜன்னலில் மூடுபனி வெளிச்சம். காற்றே இல்லை; ஆனால் கிளை நடுங்கிக்கொண்டிருந்தது. கூடுகளில் ஈரமான துளைகள். அவற்றிலிருந்து, வெயிலில் காயாததால் உள்ளே சாகாமல் பிழைத்திருந்த, மாவில் தோய்த்ததுபோன்ற வெள்ளைப் பூச்சிகள் தள்ளாடி வெளியே வந்தன. பறக்கத் தெரியாமல் சிறகைப் படபடவென்று அடித்தபடி கிளையிலும் சுவரிலும் கேக் மூடியிலும் மெல்ல நடந்தன. எங்கோ தூரத்தில் தூறல் விழுவதுபோல் ஒரு சத்தம். என் வாழ்க்கையின் மிக அழகான நிமிடம் அது.

அடுத்த நிமிடம் பாஸ்டர் ஐயா வீட்டு ஜெபத்துக்கு வந்துவிட்டார்.

அதற்குள் பூச்சிகள் ஜோடி சேரத் தொடங்கியிருந்தன. நட்சத்திரத்தின் மேல் மட்டும் மூன்று ஜோடி.

"அம்மா, ரெண்டு பூச்சி ஒட்டிக்கிச்சு! பிரிச்சு வுடட்டா?" என்று ஜெனி கத்தினாள்.

பாஸ்டர் நட்சத்திரத்தைப் பார்த்தார். உடனே தரையைப் பார்த்தார். "எல்லாரும் கண்ண மூடுங்க, ஜெபிக்கலாம்."

அவ்வளவு நீண்ட ஜெபத்தை நான் கேட்டதில்லை. கண்ணைத் திறக்க அவருக்கும் தைரியம் வரவில்லை போலும்.

ஒருவழியாகத் திறந்தபோது, அத்தையின் பட்டுப்புடவை முந்தானையில் ஒரு ஜோடி. பதறித் தட்டிவிடக் கை நீட்டினேன்.

"வுடு. பொறந்தவூட்டுக்கு வந்திருக்குது," என்றார். மதியம்வரை முந்தானையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

டிசம்பர் பிறந்தால் போதும், "இந்த வருசம் உங்க குச்சியில எத்தன கல்யாணம்?" என்று கணவர் வீட்டார் போன் செய்கிறார்கள். அத்தையோ சர்ச்சில் எல்லோரிடமும், "காசு குடுத்து வாங்குன ஜோடன தொங்கும், என் மருமவளுது நடக்கும்," என்கிறார். பாராட்டா, கேலியா? கேட்கப் பயம்.

இப்போது என் கவலை வேறு. அந்த முந்தானையில் கசகசா தூவியதுபோல் முட்டைகள். பொரியவும் இல்லை, உதிரவும் இல்லை. இந்த வருடமும் அதே புடவையைத்தான் கட்டுவாராம். சுரண்டினால் ஜரிகை பிரியும். நனைத்தால் சாயம் போகும். பட்டு கெடாமல் பட்டுப்பூச்சி முட்டையை எடுக்க வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். எடுக்காமலே விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களும் எழுதுங்கள்.