வள்ளம் பார்க்கும் எலி

உப்புவெளிக் கரையில் அந்த வருடம் பூனைகளுக்கு மரியாதை போய்விட்டது. காரணம் எலிச்சாமி.

மட்டக்களப்புப் பக்கம் சூறாவளி அடித்து ஓய்ந்திருந்த நேரம். கடல் என்றாலே சனத்துக்கு நடுக்கம். அப்போதுதான் சாமி வெள்ளை எலிக் கூடுகளோடு வந்து இறங்கினார்.

"தாழப்போற வள்ளத்தில எலி ஏறாது" என்றார். துறைமுகத்து ஊரில் இதை எவன் மறுப்பான்?

வள்ளக்காரர் எல்லாரும் வீட்டில் ஒரு எலி வளர்க்கவேண்டுமாம். கண் சிவப்பாக, வால் நீளமாக, கையில் வைத்தால் கடிக்காததாகப் பார்த்துச் சாமியே தெரிந்தெடுத்துத் தருவார். கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், மாதாவைக் கும்பிடுகிறவர் எல்லாரும் சண்டையில்லாமல் வரிசையில் நின்ற ஒரே இடம் அந்த எலிக்கூட்டடிதான். பிள்ளைக்கு வெறுந்தேத்தண்ணி, எலிக்குப் பால்!

வெள்ளிக்கிழமை சோதினை. சாமி தன் பலகையைத் துணியால் துடைத்து, கரைக்கும் வள்ளத்துக்கும் நடுவே வைப்பார். எலி ஏறினால் கடலுக்குப் போகலாம். ஏறாவிட்டால் வள்ளத்தை விற்றுவிட வேண்டும். அரை விலைக்கு வாங்குவதற்குச் சாமியின் மச்சான் பாக்கியரத்தினம் பக்கத்திலேயே நிற்பார். என்ன கருணை! தாழப்போகிற வள்ளங்களை வாங்கியவர் தினமும் மீனோடுதான் கரைக்கு வந்தார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அன்றைக்குப் பேணாட்டின் முறை. அவன் எலி பலகையில் முன்காலை வைத்தது. உடனே எடுத்துவிட்டது.

"முடிஞ்சுது தம்பி. இண்டைக்கே குடுத்துப்போடு" என்றார் சாமி.

பேணாட்டுக்கு முகம் செத்துப்போனது. அந்த வள்ளம் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அவன் மனைவி றோஸ் முன்னுக்கு வந்தாள்.

"சாமி, இந்த எலியை வளர்க்கிறது நான். குசினியில தேங்காய் துருவினா என்ர தோளில ஏறி நிற்கும். உங்கட பலகைக்கு மட்டும் ஏன் பயப்பிடுது?"

"எலிக்குக் கடல் தெரியும், பிள்ளை. உனக்குத் தெரியாது."

"அப்ப பலகையை மாத்திப் பாப்பம்."

"எடியே, சாமிக்கு வாய் காட்டாத!" என்று பதறினான் பேணாட்.

"நீங்க சும்மா இருங்கோ. வள்ளம் போனா, நாளைக்கு எலியையா கறி வைக்கிறது?"

சனம் சிரித்துவிட்டது. கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஆதம்பாவா தன் வள்ளத்துப் பலகை ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். எலி மூக்கை ஆட்டியது. குடுகுடுவென்று ஓடிப் பேணாட்டின் வள்ளத்துக்குள் குதித்தது.

றோஸ் அதோடு விடவில்லை. எலியைப் பிடித்து வந்து, சாமியின் பலகையைத் தூக்கி மச்சானின் வள்ளத்துக்கு வைத்தாள். எலி வாலைத் திருப்பிக்கொண்டு ஓடியது.

"சாமி, மச்சான்ர வள்ளமும் தாழப்போகுதோ?"

ஆதம்பாவா பலகையை மோந்தார். சாமியின் தோளில் தொங்கிய பையை இழுத்துக் கொட்டினார். உள்ளே இரண்டு துணி.

"இது சுத்தமான துணி. இது மண்ணெண்ணெயில ஊறினது. கடலுக்கு விடுற வள்ளத்துக்கு ஒண்டு, பறிக்கிற வள்ளத்துக்கு ஒண்டு! எஞ்சின் நாத்தத்தில எங்கட மூக்கு செத்துக் கிடக்குது புள்ளே, அதுதான் விளங்கேல்லை."

சாமி கூடுகளைக்கூட எடுக்காமல் நழுவப் பார்த்தார். ஏலவில்லை. வள்ளம் இழந்தவர்கள் அவரையும் மச்சானையும் சுற்றி நின்று, பறித்த வள்ளங்களைத் திருப்பித் தரவைத்த பிறகுதான் வழிவிட்டார்கள்.

எலியின் மூளை கடலையளவு. ஆனாலும் அது மோந்து பார்த்துத்தான் கால் வைக்கிறது. அதைவிடப் பெரிய மூளை வைத்திருக்கிற நாங்கள், எதை மோந்து பார்த்துச் சாமியின் காலில் விழுந்தோம்?