வாசிகசாலைக்கு வெட்டிய வெள்ளைத் துணி

துணிக்கடையில் நிற்பவனுக்கு ஊராருடைய சந்தோஷமும் துக்கமும் முழக்கணக்கில் தெரிந்துவிடும். சிவப்புப் பட்டு என்றால் கல்யாணம். நீளமாக வெள்ளை என்றால் சாவு வீடு, மய்யித்தைப் பொதிய. அலவத்துகொடையில் வாப்பாவின் கடையில் நின்ற அந்த இளவயதில், துணியைப் பார்த்தே குடும்ப ரகசியம் சொல்லுவேன் என்று எனக்கு ஒரு திமிர். (வாப்பா அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார். இங்கே எழுத முடியாது.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாலிஹ் மாஸ்டர் கடைக்கு வந்தார். எங்கள் ஊர் வாசிகசாலையை நடத்தியவர் அவர்தான். வாசிகசாலை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பாக்கு வியாபாரி ஒருவர் இரவல் கொடுத்த மேல்மாடி அறை, ஓர் அலுமாரி, சில கதிரைகள். வாசிக்கத்தான் ஆளில்லை. அன்று பின்னேரம் மாஸ்டர் அங்கே ஒரு கூட்டம் வைத்திருந்தார். "இந்தக் கூட்டத்துக்கும் சனம் வராட்டி மூட்டை அடுக்கப் போறன்" என்று வியாபாரி கறாராகச் சொல்லியிருந்தார்.

"நல்ல வெள்ளத் துணி ஈக்கா தம்பி? அகலமா வேணும்."

"யாருக்கு மாஸ்டர்?"

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். "ஒத்தருக்கிட்டயும் செல்ல வாணாம்."

பிறகு சாம்பிராணி கேட்டார். பன்னீரும் வேண்டுமாம். எல்லாம் மய்யித்துக்கு வேண்டிய சாமான். அவருடைய உம்மா பல வாரமாகப் படுக்கையில் கிடந்தவர். மனுஷி மவுத்தாகிவிட்டார், மகன் மறைக்கிறார்! காணித் தகராறாக இருக்கும் என்று மீதியையும் நானே தைத்து முடித்தேன்.

சந்தேகம் தீரப் பின்னாலேயே போனேன். மாஸ்டர் வாசிகசாலை ஜன்னல்களுக்குச் சாக்கு அடைத்துக்கொண்டிருந்தார். மய்யித்தை மேலேயே ஒளித்துவைத்திருக்கிறார்! நேரே பள்ளிவாசல் தலைவரிடம் ஓடினேன்.

பின்னேரம், மய்யித்தைச் சுமக்கும் சந்தூக்கோடு ஊரே மாடிப்படி ஏறியது. மாஸ்டர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"வாங்க, வாங்க! இவ்வளவு சனம் வருமெண்டு நெனைக்கவே இல்ல!"

"பெத்த உம்மா மவுத்தாகியும் சிரிக்கிறியா?" என்று உறுமினார் தலைவர்.

மகன் தூக்கிவந்து முன்கதிரையில் போர்வையோடு உட்காரவைத்திருந்த உம்மா திரும்பிப் பார்த்தார். "ஆரு மவுத்து? நானா?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் சந்தூக்குக்குப் பின்னால் ஒதுங்கினேன். உள்ளேயே படுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். கண்டியிலிருந்து படங்காட்டும் விளக்கொன்று இரவல் வாங்கி வந்தாராம். துணி அதற்குத்தான். சாம்பிராணி கொசுவுக்கு, பன்னீர் விருந்தாளிகளுக்கு.

"படமெண்டு தெரிஞ்சா நீங்க விடமாட்டீங்கண்டுதான் மறைச்சன்" என்றார் தலைவரிடம்.

"படமா?" தலைவருடைய புருவம் ஏறியது. மாஸ்டர் சட்டென்று விளக்கை ஏற்றினார். நான் வெட்டிக் கொடுத்த துணியில் மக்கா நகரம் தெரிந்தது. தலைவர் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்தார். "அதத் திரும்பப் போடுங்க" என்றார்.

இடமில்லாமல் பாக்கு வியாபாரி தன் சொந்த அறையிலேயே கடைசிவரை நின்றுகொண்டிருந்தார். மூட்டைப் பேச்சு அத்தோடு போயிற்று. அடுத்தடுத்த கூட்டங்களுக்கு ஆள் சேர்க்க மாஸ்டர் என்னைத்தான் கூப்பிட்டார். "இந்த முறை ஆரை மவுத்தாக்கப் போற?" என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்லுவார்.

அந்த உம்மா அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தார். கடையைக் கடக்கும்போதெல்லாம் தலையை நீட்டுவார்: "நான் இன்னம் ஈக்கிறன் மனே. துணிய மடிச்சு வை."

இப்போது நான் எதற்காவது முகத்தைச் சுளித்துச் சந்தேகப்பட ஆரம்பித்தால் போதும், பேரப்பிள்ளைகள் வரை ஒரே குரலில் சொல்கிறார்கள்: "துணிய மடிச்சு வைங்க!"