நான்கு விரற்கடை மேலே

நின்றுபோன இதயத்தை மறுபடி ஓடவைக்கும் வித்தை எங்கள் மருத்துவமனை டாக்டர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று மேலிடம் கேட்டு எழுதியிருந்தது. அது எங்களுக்கே தெரியாததால், ஒரு பயிற்சியை நடத்திவிட்டுப் பதில் போடலாம் என்று கண்காணிப்பாளர் முடிவு செய்தார். நல்ல மனிதர். கோப்பில் ஒரு காற்புள்ளி குறைந்தாலும் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

பயிற்சிக்கு ஒரு பொம்மை வந்தது. அதன் நெஞ்சை அமுக்கிப் பழக வேண்டும். ஆனால் வந்த கையோடு அது இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஆண்டுத் தணிக்கையின்போது 'பெறப்பட்ட நிலையிலேயே' காட்டியாக வேண்டும்.

"அப்ப எப்படி சார் அமுக்கறது?" என்று கேட்டேன்.

"உறையைப் பிரிக்காம அமுக்குங்க."

"உறை கிழிஞ்சுட்டா?"

அவர் யோசித்தார். அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது: அழுத்தம் யாவும் பொம்மைக்கு நான்கு விரற்கடை மேலே, காற்றில் கொடுக்கப்படுதல் வேண்டும்.

நாற்பது டாக்டர்கள் ஒரு வாரம் காற்றை அமுக்கினோம். முழங்கை மடங்கக் கூடாது, முப்பது வரை வாய்விட்டு எண்ண வேண்டும். குழந்தை மருத்துவர் ஒருமுறை கைதவறிப் பொம்மையைத் தொட்டுவிட்டு, எழுத்து மூலம் விளக்கம் கொடுத்தார். தேர்வில் எல்லோரும் தேறினோம். முதலிடம் எனக்கு.

சான்றிதழ் வழங்கும் விழாவில் என் பெயரை வாசித்துக்கொண்டிருந்தபோதே கண்காணிப்பாளர் மேடையில் சரிந்து விழுந்தார். நாடி இல்லை, மூச்சும் இல்லை. நாங்கள் அசரவில்லை. நான் மண்டியிட்டு, கைகளைக் கோத்து, அவர் நெஞ்சுக்கு நான்கு விரற்கடை மேலே அமுக்கத் தொடங்கினேன். அரங்கமே சேர்ந்து எண்ணியது. முப்பது முடிந்ததும் இதயநோய் நிபுணர் என்னை விலக்கி இடம் பிடித்தார். அவருக்கும் உயரம் துளிகூடப் பிசகவில்லை.

முன்வரிசையிலிருந்து கண்காணிப்பாளரின் மனைவி ஓடிவந்தார். நீச்சல் குளத்தில் பயிற்சியாளராக இருப்பவர்.

"என்னய்யா பண்றீங்க? தொட்டு அமுக்குங்க!"

"மேடம், சுற்றறிக்கைப்படி..." என்றார் நிபுணர்.

"தள்ளுய்யா!"

அவரை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, கணவர் நெஞ்சில் உள்ளங்கையை ஊன்றி அமுக்கினார். மளுக்கென்று சத்தம் கேட்டது.

"விலா எலும்பு போச்சு," என்றார் எலும்பு மருத்துவர்.

"போகட்டும். ஆளு இருக்கணும். ஷாக் கொடுக்கிற மெஷின் எங்கே?"

"அலமாரியில. சாவி யார்கிட்டன்னு..."

"உடைங்க!"

உடைத்தோம். மெஷினையும் அந்த அம்மாளே வைத்தார். கொஞ்ச நேரத்தில் கண்காணிப்பாளர் கண் திறந்தார். அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. ஆனாலும் சான்றிதழை வாங்காமல் போக மனம் வரவில்லை.

பத்தாம் நாள், கட்டிலில் சாய்ந்தபடியே அவர் மேலிடத்துக்கான பதிலில் கையெழுத்திட்டார்: 'நாற்பது மருத்துவர்களும் உயிர்காப்பில் முழுத் தேர்ச்சி பெற்றுள்ளனர். அவர்களால் பொம்மைக்கோ நோயாளிக்கோ எவ்விதச் சேதமும் ஏற்படவில்லை. விலா எலும்பு ஒன்று முறிந்ததற்கு மருத்துவரல்லாத ஒருவரே பொறுப்பு.'

மனைவி அதை வாங்கி வாசித்தார்.

"நான் இல்லேன்னா நீங்க இன்னிக்கு கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?"

"வாஸ்தவம்தான்," என்றார் அவர். "ஆனா நீ வாய்விட்டு எண்ணலையே!"

மேலிடத்துக்கு ஏகத் திருப்தி. சேதாரம் இல்லாத இந்த முறையையே எல்லா மருத்துவமனைகளும் பின்பற்ற வேண்டுமென உத்தரவாகிவிட்டது. ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி தர என்னைத்தான் நியமித்திருக்கிறார்கள். நாளைக் காலை உங்கள் ஊருக்கு வருகிறேன்.