‘ஒண்ணும் ஆகாது’ மேலாளரும் வெடித்த ஏப்ரனும்

‘ஒண்ணும் ஆகாது’ மனிதரை உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்று தலையாட்டாதீர்கள். கூரை ஒழுகினால் வாளியை நகர்த்தி வைப்பார், புகை மணி அலறினால் அதன் பாட்டரியைக் கழற்றுவார், நெஞ்சு வலிக்கிறது என்று மனைவி சொன்னால் வாய்வு என்பார். மருந்து ஒன்றே. ஒண்ணும் ஆகாது!

அந்த இனத்தில் ஒருவர் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவுக்கு மேலாளர். அங்கே படம் எடுக்கும் பெண், கதிர்வீச்சைத் தடுக்கத் தான் மாட்டிக்கொள்ளும் ஈய ஏப்ரனையே ஒருநாள் எக்ஸ்ரே எடுத்துக் கொண்டுவந்து நீட்டினாள். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு.

“ஏம்மா, மனுஷனைப் படம் எடுன்னா சட்டையைப் படம் எடுத்துட்டு வர்றே?”

“ஈயம் விட்டுப்போச்சு சார். கதிர்வீச்சு அளக்குற என் பேட்ஜ்ல அளவு ஏறிக்கிட்டே போகுது.”

“அப்போ பேட்ஜைக் கழட்டி டிராயர்ல போடு. ஏறாது.”

“பேட்ஜுக்கு ஏறாது. எனக்கு?”

“ஒண்ணும் ஆகாது.”

அவர் இப்படி அருளிய நேரத்தில், காலை வெயில் பட்ட அவருடைய சொந்தத் தோலிலேயே ஏதோ ஒரு செல்லில் டி.என்.ஏ. சிதைந்திருந்தது. அந்தச் செல் என்ன, மேலாளரிடம் அனுமதி கேட்டதா? ஒரு காவல் புரதத்தை மற்ற நாட்களில் உண்டாக்கிய கையோடு அழித்துவிடும் அது, அழிப்பதை நிறுத்தியது, புரதம் குவிந்தது, சும்மா கிடந்த மரபணுக்களைத் தட்டி எழுப்பியது, அவற்றில் ஒன்று செல் பிரிவதை நிறுத்த, மற்றவை பழுது பார்க்கக் கிளம்பின. பழுது தீராதென்றால் அந்தச் செல் தானே செத்துப்போகும். கெட்ட பிரதியை அடுத்த செல்லின் தலையில் கட்டாது. இவ்வளவு பயந்த செல்களால் ஆன உடம்பில்தான் இப்படி ஒரு தைரியசாலி குடியிருக்கிறார்!

“அப்போ நான் படம் எடுக்கல சார்” என்று அவள் ஏப்ரனை மேசைமேல் போட்டாள்.

“வெளியே அத்தனை பேர் காத்திருக்காங்க, உனக்கு வீம்பா? நானே எடுக்கிறேன்!” அவரும் முன்பு படம் எடுத்தவர்தான். ஏப்ரனைத் தூக்கினார். கழுத்தில் மாட்டப் போனவர் கை அந்தரத்தில் நின்றது.

“இதைவிட நல்லதா வேற ஒண்ணு இல்லையாம்மா?”

“இருந்தா நான் ஏன் சார் உங்ககிட்ட வர்றேன்?”

புது ஏப்ரனுக்கான உத்தரவு அன்று மதியமே போனது. அவள் உடம்புக்கு ‘ஒண்ணும் ஆகாது’, அவர் உடம்புக்கு மட்டும் ஏதோ ஆகிவிடும் போலிருக்கிறது.

சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டில் துணி துவைக்க வரும் அம்மா, வாஷிங் மெஷினைத் தொட்டால் சுள்ளென்று கரண்ட் இழுக்கிறது என்று சொன்னாரே, என்ன பதில் சொன்னீர்கள்? படித்தது போதும். எழுந்துபோய் அந்த மெஷினின் பிளக்கைப் பிடுங்குங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.