மூன்று சட்டையும் ஒரு வாளி ஆரத்தியும்

ஹாஸ்டல், அறை எண் 14,
ஒத்தக்கடை தாண்டி.
சனிக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய அழகுமலை மாமா அவர்களுக்குத் தங்கள் அக்காள் மகன் சூரியபிரகாஷ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். என் துணிமணிகள் சுகமில்லை. அங்கே தாங்களும் அத்தையும் பெயிண்ட் கடையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

திருநகருக்கு ஒரு போன் போட்டால் முடிகிற காரியத்துக்கு இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். உங்கள் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கும். பிரைமர் வாங்க வந்தவர்கள்கூட என் விஷயத்தில் கருத்து சொல்வார்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் முத்துமீனா அத்தை பார்ப்பார். அத்தை பார்த்தால் அம்மா பார்த்த மாதிரி. அம்மா பார்த்தால் அப்பா பார்த்த மாதிரி. அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. அதனால் காகிதம். கடை முகவரிக்கு. படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம் இதுதான். எனக்கு ஏழு சட்டை வேண்டும். ரகசியமாக.

எம்.ஏ. சேர்ந்ததும் ஹாஸ்டலில்தான் தங்குவேன் என்று நான் நின்றது உங்களுக்குத் தெரியும். கீழக்குயில்குடியிலிருந்து இங்கே இரண்டு பஸ், ஒன்றரை மணி நேரம். "அமெரிக்காவுக்கா போறே?" என்று அப்பா கேட்டார். எனக்குத் தனிமை வேண்டும் என்றேன். "மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னாடி எம்புட்டோ கெடக்கு, எடுத்துக்க" என்றார். அது வேறு தனிமை, எழுதுகிறவனுக்கு வேண்டியது வேறு தனிமை என்றேன். அவர் பேசாமல் இருந்ததைத் தாங்க முடியாமல் "தீபாவளிக்குத்தான் இனிமே வருவேன்" என்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. என் கஷ்டங்களில் பெரும்பாலானவை யாரும் கேட்காமல் நான் சொன்ன வாக்கியங்களிலிருந்து வந்தவை.

அம்மா அந்த வாக்கியத்தை நம்பினார். தீபாவளி வரை வாரங்களை எண்ணி, வாரத்துக்கு ஒரு சட்டை வைத்து, மழைக்கு இரண்டு கூட்டி, சட்டை பதினேழு என்றார். நான் மூன்று என்றேன். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று காத்திருப்பில். இந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வரிக்காகத்தான் மூன்று என்று முடிவு செய்தேனோ என்று இப்போது சந்தேகம். மூன்றும் வெள்ளை. நிறம் என்பது பேச்சு, எனக்கு மௌனம் போதும் என்றும் சொன்னேன்.

"கூடப் படிக்கிற பிள்ளைக என்னப்பா நெனைக்கும்?"

"எளிமையா இருக்கான்னு நெனைக்கும்மா."

"இவனுக்குச் சட்டை இல்லேன்னு நெனைக்கும்."

நான் சன்னல் வழியாக மலையைக் காட்டினேன். "அங்க பாறையில படுக்கை வெட்டிப் படுத்திருந்தாங்களே, அந்தச் சமண முனிவருங்க பெட்டி படுக்கையோடயா வந்தாங்க? அதுவும் ஒரு ஹாஸ்டல்தானம்மா."

"அவுக ஒண்ணுமே உடுத்தாம இருந்தாக. நீயும் அப்படியே போறதுன்னா சொல்லு, மூணும் எதுக்கு?"

அம்மாவுடன் தத்துவம் பேசி நான் வென்றதே இல்லை. அன்று அப்பாதான் காப்பாற்றினார். "மூணு போதும் செல்லத்தாயி. எதுக்கு இம்புட்டு?" என்றார். இருபத்தொரு வருடத்தில் நானும் அவரும் ஒத்துப்போன முதல் விஷயம். எனக்குக் கண் கலங்கியது. நான் நூலகத்தில் மூன்று வருடம் உட்கார்ந்து சேர்ந்த இடத்துக்கு இந்த மனிதர் வரப்பில் நடந்தே வந்துவிட்டாரே என்று நினைத்தேன். நோட்டில்கூட எழுதி வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் நீங்களும் அத்தையும் சூட்கேஸோடும் ஊதாச் சட்டையோடும் வந்தீர்கள். தாய்மாமன் முறைக்கு எடுத்தது. மின்னுகிற ஊதா, காலர் முழுக்கக் கல். நான் அதைத் தொடாமலே அத்தையின் கையில் திருப்பி வைத்து, எளிமையைப் பற்றி எட்டு நிமிடம் பேசினேன். அத்தை காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். நீங்கள் "சரிடா, சூட்கேஸையாவது வச்சுக்க" என்றீர்கள். மாமா, இந்தக் கடிதத்தில் பாதி அந்தக் காபிக்காக.

மீதி மஞ்சளுக்காக. புதுத் துணிக்கு மஞ்சள் வைக்காமல் நம் வீட்டில் யாரும் உடுத்தியதில்லை. வழக்கமாக ஓரத்தில் ஒரு சொட்டு. ஆனால் அம்மா பதினேழிலிருந்து மூன்றுக்கு இறங்கிய கோபத்தில் இருந்தார். "மூணே துணிதான் போகுதுன்னா மஞ்சளாவது நெறைய வைக்கிறேன்" என்று குழைத்து எடுத்து காலருக்கு உள்ளே, பைக்குள், மடிப்பில், கைலியில், போர்வையின் நாலு மூலையிலும் அப்பினார். ஜட்டியையும் விடவில்லை. பிறகு அந்த மூன்று சட்டையும் உங்கள் சூட்கேஸுக்குள் போயின. தேர்க் கொட்டகையில் சைக்கிள் நிறுத்தின மாதிரி இருந்தது. புதன்கிழமை வாசலில் ஆரத்தி சுற்றி என்னை அனுப்பிவைத்தார்கள்.

அறைத் தோழன் பெயர் பாதுஷா. பழைய மதுரையில் அவன் வாப்பாவுக்கு ரெடிமேட் கடை. இருபத்துநாலு சட்டை கொண்டுவந்திருக்கிறான். கடன் வாங்கலாம்தான், ஆனால் அவன் என்னைவிட ஒரு சாண் குட்டை, என்னைப்போல் இரண்டு பேர் அகலம். என் மூன்றையும் வைத்து நான் ஒரு முறை வகுத்துக்கொண்டேன். ஒரு நாள் உடுத்தி, ஒரு நாள் காற்றில் போட்டு, மறுபடி உடுத்தினால் அது பாதி புதியது. துவைப்பதைத் தள்ளிப்போட்டேன் என்று சொன்னால் சுருக்கமாக இருந்திருக்கும். ஏழாம் நாள் பாதுஷா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, ஒன் சட்டை பேசுது" என்றான். என்ன பேசுகிறது என்று கேட்டேன். "யாராச்சும் என்னையக் காப்பாத்துங்கன்னு."

ஒன்பதாம் நாள் மனம் இறங்கி, மூன்று சட்டை, பேண்ட், போர்வை, எல்லாவற்றையும் ஒரே வாளியில் சோப்புத் தூளோடு ஊறவைத்துவிட்டு, பாதுஷாவின் பனியனை மாட்டி மேலே துண்டைப் போர்த்திக் காய்ச்சல் என்று சொல்லி அறையிலேயே படித்துக்கொண்டிருந்தேன். மதியம் போய்ப் பார்த்தால் வாளி முழுக்கச் சிவப்பு. நான் எடுத்துப் பிழியப் பிழியச் சிவப்பு. என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே கொடியில் போட்டேன். அந்த வழியாக வார்டன் வந்தார். காலரில் சிவப்பு, நெஞ்சில் சிவப்பு, போர்வையில் நாலு மூலையும் சிவப்பு.

"யாருய்யா ஒன்னைய அடிச்சது?"

"யாரும் அடிக்கல சார்."

"பயப்படாத. மொதல்ல எல்லாரும் இதத்தான் சொல்வாங்க." அவர் பாதுஷாவைப் பார்த்தார்.

"சார், நான் கொசுவக்கூட ஊதித்தான் சார் விடுவேன்" என்றான் பாதுஷா.

"ராகிங்னா விடமாட்டேன். வீட்டு நம்பரச் சொல்லு, ஒங்க அப்பாகிட்டப் பேசணும்."

அந்த இடத்தில் என் தனிமை, சபதம், தீபாவளி எல்லாம் ஒரு போன் தூரத்தில் நின்றன. அப்பா வருவார். கொடியைப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் பயம். நான் நம்பரை மறந்துவிட்டேன் என்றேன். வார்டனுக்குச் சந்தேகம் உறுதியானது. "தலையில வேற அடிச்சிருக்கானுக" என்றார்.

மெஸ்ஸில் சமைக்கிற சீனியம்மாள் அக்காதான் கரண்டியோடு வந்து போர்வையை முகர்ந்து பார்த்தார். "மஞ்சத் துணியச் சோப்புல போட்டா செவக்காம என்ன சார் செய்யும்? ஏந்தம்பி, மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பக் கலக்கித்தான ஆரத்தி எடுப்பாக? பாத்ததே இல்லையா நீயி?"

பார்த்திருக்கிறேன் மாமா. போன வாரப் புதன்கிழமைதான் பார்த்தேன். நெற்றியிலும் வைத்தார்கள். நவீனத்துவம் பற்றி நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசக்கூடியவன், தன் துணியைத் தானே ஒருமுறையும் துவைத்ததில்லை என்பது அன்று ஹாஸ்டல் முழுக்கத் தெரிந்தது. வார்டன் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருக்கலாம்.

மறுநாள் முதலாண்டு மாணவர் வரவேற்பு விழா. மாணவர் சார்பில் நான் பேச வேண்டும். தலைப்பு நானே கேட்டு வாங்கியது: 'குறைவாக வாழ்தல்.' உடுத்த ஒன்றுமில்லை. ஈரப் பேண்டை மின்விசிறியில் காயவைத்துவிட்டு, சூட்கேஸின் ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து பார்த்தேன். கடைசி ஜிப்பில், செய்தித்தாளில் சுற்றி, ஊதாச் சட்டை. அம்மா வேலை. அத்தையிடம் எப்போது வாங்கினாரோ தெரியாது. அதற்கும் மஞ்சள் வைத்திருந்தார்.

போட்டுக்கொண்டு போனேன். மேடை விளக்கு காலரில் பட்டது. கூரையில் புள்ளி புள்ளியாக ஓடின வெளிச்சத்தைப் பார்த்து மொத்த அரங்கமும் அண்ணாந்தது. நான் "நமக்கு அதிகம் தேவையில்லை" என்று ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. இப்போது துறையில் என் பெயர் சீரியல் செட்டு.

ஆகவே, மாமா, திங்கட்கிழமை கடைச் சரக்கு எடுக்க வருவதுபோல வந்து, ஏழு சட்டை. எந்த நிறமானாலும் சரி. மௌனம் எனக்கு ஒத்துவரவில்லை. மஞ்சள் மட்டும் வேண்டாம். அப்பாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம். மூன்று போதும் என்று என்னை நம்பின ஒரே மனிதர் அவர்.

அத்தையை மிகவும் கேட்டதாகச் சொல்லவும் என்று எழுத முடியாது. எனவே மனதுக்குள் சொல்லிக்கொள்ளவும். அந்தச் சட்டை மிக நல்ல சட்டை. தங்கள் காலில் விழுந்து வணங்கியதாக எடுத்துக்கொண்டு, தங்கள் ஆசியைச் சட்டைப் பையில் வைத்து அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்,
சூரியபிரகாஷ்.

பின்குறிப்பு: ஏழு சட்டை வேண்டாம். ஹாஸ்டல் பக்கம் தபாலில் போட்டால் தாமதமாகும் என்று பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். கடிதம் போட வந்தவன் கையில் அழுக்குத் துணிப் பை எதற்கு என்று கேட்காதீர்கள். எங்கள் ஊர் பஸ் நின்றிருந்தது. சன்னல் ஓரம் காலி. இதை இப்போது வீட்டிலிருந்து எழுதுகிறேன். வேறு சட்டை இல்லாததால் ஊதாவில்தான் வந்து இறங்கினேன். அம்மா போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பிவிட்டார், ஆகவே கடிதத்தைக் கிழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அப்பா பையை வாங்கிக்கொண்டு உள்ளே பார்த்துச் சொன்னார்: "செல்லத்தாயி, உலையில ரெண்டு கை கூடப் போடு. மூணு சட்டைன்னா நாலாம் நாள் வந்துருவான்னுல்ல நெனச்சேன், பதினோரு நாள் இழுத்துட்டானே." திங்கட்கிழமை நான் திரும்பிப் போக வேண்டும். அப்பாவே பையை அடுக்கி வைத்துவிட்டார். இந்தத் தடவை இரண்டு சட்டை போதுமாம்.