வாய்க்காலுக்கு வந்த தலைவர்

இனிமேல் ஓடைக்குப் போவதே இல்லை என்று பல் டாக்டர் சபதம் செய்தார். மனதுக்குள்தான். மனைவி பக்கத்து அறையில் இருந்தாள்.

தெருக்கோடி ஓடை அது பாட்டுக்கு நாறிக்கொண்டு கிடந்தது. அடைப்பை எடுக்காவிட்டால் மழைக்குத் தெருவே மிதக்கும் என்று சங்கம் தொடங்கியவள் அவள். தலைவியும் அவளே. கணவரைக் கேட்காமலே உறுப்பினராக்கிவிட்டாள். ஞாயிறு விடிந்தால் முழங்கால் வரை சேறு. பாட்டில், பாலிதீன் பை, ஒற்றைச் செருப்பு. போன வாரம் ஒரு மெத்தை. அதை இழுத்ததும் தண்ணீர் குபுகுபுவென்று ஓடியது. டாக்டருக்கே ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுநாள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைவிட அவர்தான் அதிகம் "ஆ" சொன்னார்.

"வாரம் பூரா ஊரார் வாயைச் சுத்தம் பண்றேன். ஞாயித்துக்கிழமை வாய்க்காலுமா?"

"வாய்ல கையை விடுறவருக்கு வாய்க்கால்ல காலை விட என்ன கஷ்டம்?"

"இடுப்பு வலிக்குதும்மா."

"குனிஞ்சு அள்ளுங்க. தானா சரியாயிடும்."

பக்கத்து வீட்டு வக்கீலும் அதே சேற்றில் மாட்டியவர். அவர் மதில் மேல் எட்டிப்பார்த்து யோசனை சொன்னார்.

"சங்கத்துல தேர்தல் வருது சார். நீங்க தலைவராயிடுங்க. வாரா வாரம்ங்கறதை வருஷா வருஷம்னு மாத்திடுங்க."

"என் வீட்டுக்காரி சும்மா விடுவாளா?"

"அப்ப அவங்க முன்னாள் தலைவி சார்!"

'முன்னாள்' என்ற சொல் டாக்டர் காதில் தேனாகப் பாய்ந்தது.

கூட்டத்தில் எழுந்தார். "நான் நிக்கறேன்."

"எங்க?" என்றாள் மனைவி.

"தேர்தல்ல."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். அவளோ, "இவ்வளவு ஆர்வத்தையும் மனசுக்குள்ளயே பூட்டி வெச்சிருந்தீங்களா!" என்று உருகி, தானே முன்மொழிந்தாள். கைகள் சடசடவென்று உயர்ந்தன. டாக்டர் தலைவரானார்.

"முதல் உத்தரவு. இனி வேலை வருஷத்துக்கு ஒரு தடவைதான்."

"அதுக்கு ஓட்டெடுப்பு வேணுமே," என்றாள் மனைவி.

எடுத்தார்கள். டாக்டர் கை மட்டும் தனியாக நின்றது. அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீலை வக்கீல் மனைவி பார்த்தாள். வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார்.

"அப்ப தலைவருக்கு என்னதான்மா அதிகாரம்?"

"முதல் ஆளா தண்ணில இறங்கலாம். கடைசி ஆளா ஏறலாம். நடுவுல ராஜினாமா மட்டும் பண்ண முடியாது."

அடுத்த ஞாயிறு. டாக்டர் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கட்டிலருகே நின்றார். போர்வை அசையவில்லை.

"நீ கிளம்பலையா?"

"ஓடையை நடுவுல விட்டுட்டு வரவும் மனசில்ல, உடம்பும் ஓஞ்சுபோச்சு. யார் தலையில கட்டறதுன்னு தெரியாம தவிச்சுக்கிட்டிருந்தேன். நல்லவேளை, நீங்களா வந்து நின்னீங்க."

"அடிப்பாவி!"

போர்வைக்குள்ளிருந்து ஒரு கொட்டாவி வந்தது.

"போறப்போ ஜன்னலைச் சாத்திட்டுப் போங்க தலைவரே, வெளிச்சம் கண்ணைக் கூசுது."