குழலுக்குள் ஒரு ஞாயிறு

மனைவியைத் தோற்கடித்தே தீருவது என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கண்ணாடிக் கடைக்காரர் சபதம் எடுத்தார். மனசுக்குள்தான். சமையலறை பக்கத்திலேயே இருந்தது.

ஊரார் பார்வையையெல்லாம் திருத்துகிறவர். ஆனால் ஆசைப்பட்டு வாங்கிய ஏர்கன்னைத் தூக்கிக் குறிவைத்தால் இலக்கு அட்டை பிழைத்துக்கொள்ளும், சுவருக்குத்தான் ஆபத்து. "இப்படிக் கொடுங்க பாப்போம்" என்று ஒருநாள் வாங்கிச் சுட்டாள் மனைவி. நட்டநடுவில் ஓட்டை. அன்றோடு துப்பாக்கி போயிற்று, ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று. கடைக்கு விடுமுறை அந்த ஒரு நாள்தான். அவள் துப்பாக்கி சுடும் கிளப்பில் இருப்பாள். இவர் வீட்டில், ஆறிப்போன டீயோடு, எதிரே காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் அவள் பேச ஆரம்பித்தால் இவருக்குக் கொட்டாவி விடக்கூட இடைவெளி கிடைக்காது. அந்தப் பேச்சுக்குத்தான் இப்போது காது ஏங்கியது.

விடிந்தால் ஞாயிறு, கிளப்பில் போட்டி. தோற்றால் ரோஷக்காரி, கிளப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டாள். வழியைக் காட்டியவர் துப்பாக்கி ரிப்பேர்காரர், பாவம், தெரியாமல்தான்: "குழலை ரொம்பத் துடைச்சுடாதீங்க சார். உள்ள மெல்லிசா ஈயம் படிஞ்சிருக்கும். அது போச்சுன்னா, மறுபடி படியற வரைக்கும் குண்டு திக்குத் தெரியாம அலையும்."

கடைக்காரர் நூலில் துணித்துண்டைக் கட்டிப் பின்வாயில் விட்டு முன்வாயில் இழுத்தார். கறுப்பாய் வந்தது. சாம்பலாய் வந்தது. வெள்ளையாய் வந்தது. அப்புறமும் விடவில்லை.

"என்ன, திடீர்னு இவ்ளோ கரிசனம்?"

"உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்?"

"அதானே!" என்றாள். சிரித்தாளா என்று அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் போய்விட்டாள்.

மறுநாள் கோப்பையோடு வந்தாள்.

"ஜெயிச்சுட்டியா?"

"ஏங்க, துக்கம் விசாரிக்கற மாதிரி கேக்கறீங்க? குழலுக்குள்ள எட்டிப் பாத்தேன். பளபளன்னு இருந்துச்சு. போட்டிக்கு முன்னாடியே ஒரு டப்பா குண்டைச் சும்மா சுட்டுத் தள்ளிக் குழலை வழிக்குக் கொண்டுவந்தேன். கிளப்புல முதல் பாடமே அதுதான்." கோப்பையை மேசையில் வைத்தாள். "என்னைத் தோக்கடிக்கத்தானே?"

"தோக்கடிக்க இல்ல... ஞாயித்துக்கிழமை நீ வீட்ல இருக்கணும்னுதான். வீடு சத்தமே இல்லாம கெடக்கு."

அவள் அந்தக் காலி நாற்காலியை இழுத்து, அவர் முழங்கையை ஒட்டி உட்கார்ந்தாள்.

"வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே மனுஷா? சரி, இனிமே ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நெஜமாவா?"

"நெஜமாத்தான். உங்க கைவேலையைப் பாத்து கிளப்பே அசந்துபோச்சு. எல்லார் குழலையும் நீங்களே துடைச்சுத் தருவீங்கன்னு வாக்குக் கொடுத்துட்டேன். கிளப்புக்குப் பின்பக்கம் உங்களுக்குன்னு ஒரு ரூமே ஒதுக்கியாச்சு."

அவர் யோசித்தார். பாதகமில்லை என்று தோன்றியது.

"அந்த ரூம்ல ஜன்னல் இருக்கா? நீ சுடறது தெரியுமா?"

"பெரிய ஜன்னலே இருக்குங்க. கார் நிறுத்தற இடம் பூரா தெரியும்."